ஐ.சி.யூ. கட்டிலின் தலைமாடும் சில செம்மறியாடுகளும்



கொரோனாவுக்கு முன்பு 'வென்டிலேட்டர்' என்ற சொல் மருத்துவமனை வாசலுக்குள்ளேயே இருந்தது. 2020க்குப் பிறகு டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. "வென்டிலேட்டரில் வைத்திருக்கிறார்கள்" என்று கேட்டாலே பாதிப் பேர் நம்பிக்கையை விட்டுவிடுகிறார்கள். அதோடு போகாமல், நாலைந்து நாள் கழித்து டாக்டர் வெளியே வந்து, "வந்த நோய் கொஞ்சம் கட்டுக்குள் வந்திருக்கிறது, ஆனால் இப்போது நிமோனியாவும் சேர்ந்திருக்கிறது" என்று சொன்னால் வீட்டாருக்குத் தலை சுற்றும். விபத்தில் தலையில் அடிபட்டு வந்தவருக்கு, ஆஸ்பத்திரியில் இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிமோனியா எப்படி வந்தது?

நியாயமான கேள்வி. மருத்துவ உலகம் இதற்கு விடை தேடத் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்தத் தேடலில் பெரும்பங்கு நாய், எலி, பபூன் குரங்கு, பன்றி, செம்மறியாடு ஆகியவற்றின் மேல் நடந்தது. அந்த வரலாற்றைத்தான் இன்று எழுதுகிறேன். "எலிகளில் வெற்றி, விரைவில் மனிதர்களுக்கு" என்று நாளிதழில் வரும் செய்திகளை எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கும் இது நல்ல பாடம். பதிவு நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் பத்தாம் வகுப்புப் பாடம் போலக் கொஞ்சம் அடிப்படை.

நம் மூச்சுக்குழாயின் உட்சுவர் முழுக்கக் குறுயிழைகள் இருக்கின்றன. அவை ஓயாமல் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைக் கீழிருந்து மேலே தொண்டைக்குத் தள்ளுகின்றன. மிச்சத்தை இருமல் பார்த்துக்கொள்கிறது. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு வாய் வழியாக ஒரு குழாயை மூச்சுக்குழாய்க்குள் செலுத்துகிறார்கள். காற்று பக்கவாட்டில் கசியாமலிருக்க, குழாயின் நுனிக்குச் சற்று மேலே ஒரு சிறு பலூன் உண்டு. அதைக் 'கஃப்' என்பார்கள். மேலே ஏறி வரும் சளிக்கு அந்தப் பலூன் அணைபோல் நிற்கிறது. பலூனுக்கு மேலே வாயின் எச்சிலும் தொண்டைச் சளியும் தேங்குகின்றன. பலூனின் மடிப்புகள் வழியாக அந்தத் தேக்கம் துளித்துளியாகக் கீழே கசிகிறது. நோயாளி மயக்க மருந்தில் இருப்பதால் இருமலும் இல்லை. உயிரைக் காக்கும் குழாயே கிருமிக்கும் வழி திறந்துவிடுகிறது. குழாய் போட்டு 48 மணி நேரம் கடந்தபின் இப்படி வருவதைத்தான் வென்டிலேட்டர் சார்ந்த நிமோனியா என்கிறார்கள்.

இனி வரலாறு.

செயற்கை மூச்சு என்ற எண்ணமே விலங்கிலிருந்துதான் தொடங்கியது. 1543இல் வெளியான தன் உடற்கூறியல் நூலில் ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ், விலங்கின் மூச்சுக்குழாயைத் திறந்து, ஒரு நாணல் குழாயைச் செருகி ஊதினால் நுரையீரல் எழும்பும், தளர்ந்த இதயமும் மீண்டும் வலுப்பெறும் என்று எழுதினார். 1667இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ராபர்ட் ஹூக் ஒரு நாயைத் துருத்தியால் காற்றூட்டி உயிரோடு வைத்துக் காட்டினார். நாம் 'செல்' பாடத்தில் தக்கைத் துண்டோடு சேர்த்துப் படிக்கும் அதே ஹூக்தான். நுரையீரல் அசைவதால் உயிர் நிற்கவில்லை, புதுக்காற்று சேர்வதால்தான் நிற்கிறது என்று அந்தச் சோதனை நிறுவியது.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1664இல், ஹூக் இதேபோன்ற சோதனை ஒன்றைச் செய்திருந்தார். அந்த நாய் பட்ட வேதனையைப் பார்த்துவிட்டு, இனி இப்படி ஒன்றைச் செய்ய எனக்கு மனம் வராது என்ற பொருளில் ராபர்ட் பாயிலுக்குக் கடிதம் எழுதினார். ஆனாலும் 1667இல் மறுபடி செய்தார். விலங்குச் சோதனையின் இந்த இரண்டு மனநிலையும் அன்றிலிருந்து இன்றுவரை கூடவே வருகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் லெராய் தெத்தியோல், துருத்தியால் அளவுக்கு மீறிக் காற்றடித்தால் விலங்கின் நுரையீரல் கிழிந்து அது இறந்துபோகும் என்று காட்டினார். நீரில் மூழ்கியவர்களுக்குத் துருத்தி கொண்டு மூச்சூட்டும் வழக்கம் அதன்பின் கைவிடப்பட்டது. 1928இல் பாஸ்டனில் பிலிப் ட்ரிங்கரும் லூயி அகாசிஸ் ஷாவும் செய்த 'இரும்பு நுரையீரல்' பெட்டியும் முதலில் பூனைகளிடம் சோதிக்கப்பட்டதுதான். அந்த ஆண்டு அக்டோபரில் போலியோ தாக்கிய 8 வயதுச் சிறுமி ஒருத்தி அதற்குள் வைக்கப்பட்டாள்.

1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரைப் போலியோ கொள்ளைநோயாகத் தாக்கியது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசை செயலிழந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். அப்போது பியோன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கி நேரடியாக நுரையீரலுக்குள் காற்றுச் செலுத்தலாம் என்றார். ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்தியிடம் அதைச் செய்து காட்டினார். அவள் பிழைத்தாள். அடுத்த சில மாதங்களில் சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் கட்டில் அருகே உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்த கதை இதுதான். மாணவர்களின் கைக்குப் பதில் பின்னர் இயந்திரம் வந்தது.

இயந்திரத்தோடு புதுச் சிக்கலும் வந்தது. 1960களில் அமெரிக்காவின் டாலஸ் நகர மருத்துவர்கள், சுவாசக் கருவியோடு இணைந்த ஈரமூட்டும் நெபுலைசர்களில் கிருமிகள் பெருகி, நுண்துளிகளாக நோயாளியின் நெஞ்சுக்குள் போவதைக் கண்டறிந்தார்கள். கருவிகளை முறையாகக் கிருமிநீக்கம் செய்ததும், திசுவை அழுக வைக்கும் அந்த வகை நிமோனியா வெகுவாகக் குறைந்தது. முற்றிலும் போகவில்லை. 1969இல் அதே குழுவைச் சேர்ந்த ஜோஹன்சன் இன்னொரு உண்மையை வெளியிட்டார். கடும் நோயில் படுத்தவரின் தொண்டையில் வழக்கமாக வாழும் கிருமிகளோடு, ஆரோக்கியமானவர் தொண்டையில் அரிதாகவே காணும் கிராம்-நெகட்டிவ் கிருமிகள் சில நாட்களிலேயே வந்து குடியேறுகின்றன. கருவி சுத்தமாக இருந்தாலும், கிருமி நோயாளியின் வாயிலேயே இருக்கிறது.

இங்கேதான் விலங்குகளின் தேவை வந்தது. ஏன் என்று பார்ப்போம்.

ஐ.சி.யூ. நோயாளியின் எக்ஸ்ரேயில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிகிறது, காய்ச்சல் அடிக்கிறது. இது நிமோனியாவா? நீர் கோத்திருக்கலாம். நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கியிருக்கலாம். காய்ச்சலுக்கு வேறு காரணம் இருக்கலாம். உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் நுரையீரல் திசுவை எடுத்துப் பார்க்க வேண்டும். உயிருக்குப் போராடுபவரிடம் அதை எப்படிச் செய்வது? விலங்கில் செய்யலாம்.

1980களில் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ஜோஹன்சன் குழு பபூன் குரங்குகளை மயக்க மருந்தில் வைத்து, ஒரு வாரத்துக்கும் மேலாக வென்டிலேட்டரில் பராமரித்தது. பிறகு மூச்சுக்குழாய்ச் சளி, நுரையீரலைக் கழுவி எடுத்த நீர், நுரையீரல் திசு மூன்றையும் ஒப்பிட்டார்கள். 1988இல் முடிவுகள் வந்தன. கழுவி எடுத்த நீர், திசுவில் உண்மையில் இருந்த கிருமிகளை ஓரளவு நன்றாகவே காட்டியது. குழாயிலிருந்து உறிஞ்சிய சளியிலோ திசுவில் இல்லாத கிருமிகளும் சேர்ந்து வந்தன. 1990களின் இறுதியில் பிரான்சின் லீல் நகரில் மார்க்கெட் குழு பன்றிக்குட்டிகளிடம் இதையே ஆராய்ந்தது. வெளியிலிருந்து கிருமி எதையும் செலுத்தாமலே, வென்டிலேட்டரில் வைத்த சில நாட்களில் குட்டிகளுக்கு நிமோனியா வந்தது. அதுவும் திட்டுத்திட்டாக. ஒரே நுரையீரலில் ஓரிடத்தில் முற்றிய அழற்சி, பக்கத்திலேயே நல்ல திசு. ஊசி எங்கே போகிறதோ அதற்கேற்ப முடிவு மாறும் என்றால், ஒரு பரிசோதனை அறிக்கையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை மருத்துவர்கள் இப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்.

"இதற்கெல்லாம் ஏன் சுண்டெலி போதாது?" என்று கேட்கலாம். சுண்டெலியின் எடை 25 கிராம் அளவுதான். அதை நாள்கணக்கில் வென்டிலேட்டரில் வைத்துப் பராமரிப்பது மிகக் கடினம். மனிதருக்குப் போடும் குழாயும் கஃபும் அதற்குள் நுழையாது. அதனால் பன்றியும் ஆடும். ஆனால் 72 மணி நேரம் ஒரு ஆட்டை வென்டிலேட்டரில் வைத்திருக்க ஒரு சிறு ஐ.சி.யூ.வே வேண்டும். இரவும் பகலும் ஆள் இருக்க வேண்டும். ஆகவே ஒரு ஆய்வில் எட்டு, பத்து விலங்குகளுக்கு மேல் இருப்பது அரிது. இதை நினைவில் வையுங்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

ஐ.சி.யூ.வுக்குள் போய்ப் பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள். வென்டிலேட்டரில் இருப்பவரின் கட்டில் தலைமாட்டில் உயர்த்தப்பட்டிருக்கும். 30 முதல் 45 பாகை என்பது வழக்கமான விதி. இதன் பின்னணியில் பார்சிலோனா மருத்துவர்களின் ஆய்வுகள் இருக்கின்றன. 1992இல் அவர்கள் இரைப்பைக்குள் மிகச் சிறு அளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, அது எங்கே போகிறது என்று தொடர்ந்தார்கள். மல்லாந்து படுத்த நோயாளிகளின் மூச்சுப்பாதைச் சளியில் அது அதிகம் தென்பட்டது. இரைப்பையில் இருப்பது எதுக்களித்து நெஞ்சுக்குள் போகிறது என்று பொருள். 1999இல் 86 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். மல்லாந்து படுத்த 47 பேரில் 16 பேருக்கு நிமோனியா சந்தேகம் எழுந்தது. 45 பாகை உயர்த்திய 39 பேரில் 3 பேருக்கு மட்டும். ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். உலகம் முழுவதும் கட்டில்கள் உயர்ந்தன.

இந்தச் சமயத்தில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் தியோடர் கோலோபோ என்ற எஸ்டோனிய நாட்டில் பிறந்த மருத்துவர் ஒருவர் செம்மறியாடுகளோடு வேலை செய்துகொண்டிருந்தார். 1960களில் செயற்கை நுரையீரல் சவ்வை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். அவர் கேட்ட கேள்வி மிக எளிது: தண்ணீர் பள்ளத்துக்குத்தானே ஓடும்? தலையை உயர்த்தினால் மூச்சுக்குழாய் சரிவாகிறது. கஃபுக்கு மேலே தேங்கியது எங்கே போகும்?

2003இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், தலை உயர்த்திய ஆடுகளின் நுரையீரலில் கிருமிகள் ஏராளமாகக் குடியேறியிருந்தன. மூச்சுக்குழாயைக் கிடைமட்டமாகவோ சற்றுத் தாழ்வாகவோ வைத்த ஆடுகளின் நுரையீரல் சுத்தமாக இருந்தது. 2008இல் இன்னும் துல்லியமாகப் பார்த்தார்கள். டான்டலம் உலோகத்தின் நுண்ணிய துண்டுகளை மூச்சுக்குழாயில் வைத்து, எக்ஸ்ரே வழியாகச் சளியின் ஓட்டத்தைத் தொடர்ந்தார்கள். தலை உயர்ந்த ஆடுகளில் சளி மேலேறி, கஃப் வரை வந்து முட்டி, பிறகு தாழ்ந்த பக்கச் சுவர் வழியாகத் திரும்பி நுரையீரலுக்கே வழிந்தது. அந்த 8 ஆடுகளில் 6க்கு நிமோனியா. தாழ்வாக வைத்தவற்றில் ஒன்றுக்கும் இல்லை.

யோசித்துப் பாருங்கள். மனிதர்களிடம் நடந்த ஆய்வு தலையை உயர்த்து என்கிறது. ஆட்டிடம் நடந்த ஆய்வு தாழ்த்து என்கிறது. யார் சொல்வது சரி?

இரண்டுமே சரிதான் என்பது என் புரிதல். வென்டிலேட்டரில் இருப்பவரின் நுரையீரலுக்கு இரண்டு பக்கமிருந்து ஆபத்து. ஒன்று, இரைப்பையிலிருந்து எதுக்களித்து வருவது. மல்லாந்து படுத்தால் அது கூடும். இன்னொன்று, தொண்டையிலிருந்து கசிவது. தலை உயர்ந்தால் அது கூடும். ஒவ்வொரு ஆய்வும் ஒரு பக்கத்தைக் காட்டியது. அதற்கிடையே 2006இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று இன்னொரு உண்மையையும் சொன்னது. 45 பாகை என்று எழுதிவைத்தாலும் நடைமுறையில் கட்டில் 28 பாகை அளவில்தான் நின்றது. நோயாளி சரிந்துவிடுகிறார், செவிலியருக்கு வேறு வேலை இருக்கிறது. அந்த ஆய்வில் நிமோனியாவில் வித்தியாசமும் தெரியவில்லை.

ஆடு எழுப்பிய கேள்வியை மனிதரிடம் கேட்கத் துணிந்தவர் கோலோபோவோடு பணியாற்றிய லி பாசி. அவர் பின்னர் அதே பார்சிலோனாவுக்குப் போய்ப் பன்றிகளிலும் இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 2017இல் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு வந்தது. 395 நோயாளிகள். ஒரு குழு வழக்கம்போல் தலை உயர்த்தி. இன்னொரு குழு ஒருக்களித்து, தலைப்பக்கம் சற்றுத் தாழ்வாக. தலை உயர்த்திய 201 பேரில் 8 பேருக்கு நிமோனியா. தாழ்த்திய 194 பேரில் ஒரே ஒருவருக்கு.

ஆடு சொன்னது பலித்துவிட்டது என்று இங்கே நிறுத்திக்கொண்டால் அது பாதி உண்மை. தலை தாழ்த்திய குழுவில் 6 கடுமையான பாதகங்கள் நேர்ந்தன, மற்றக் குழுவில் அப்படி ஒன்றும் இல்லை. இறப்பு விகிதத்தில் வித்தியாசம் இல்லை. நிமோனியாவே எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. கட்டில்கள் தலை உயர்ந்தபடியே இருக்கின்றன.

ஆடு பொய் சொல்லவில்லை. ஆனால் ஆட்டுக்கு அறுபது வயது இல்லை, சர்க்கரை நோய் இல்லை, மூளையில் அடிபட்டு வீக்கம் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து கலங்கும் மகளும் இல்லை. ஆரோக்கியமான ஆட்டை மூன்று நாள் தலைகீழாகச் சாய்த்துவைக்கலாம். மூன்று வாரம் படுத்திருக்கும் நோயாளியை அப்படி வைப்பது வேறு காரியம்.

வெள்ளிப் பூச்சுக் குழாயின் கதையும் இதே மாதிரிதான். 2002இல் நாய்களிடம் சோதித்தபோது, வெள்ளி பூசிய குழாய் நுரையீரலில் கிருமிகளைக் குறைத்தது. 2008இல் மனிதர்களிடம் நடந்த பெரிய ஆய்வில் நிமோனியா 7.5 சதவீதத்திலிருந்து 4.8 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் இறப்பு குறையவில்லை, ஐ.சி.யூ. நாட்களும் குறையவில்லை.

அப்படியானால் விலங்குச் சோதனையே வீணா? இல்லை. எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு சான்று தருகிறேன். 1974இல் வெப், டியர்னி என்ற இருவர் எலிகளின் நுரையீரலை 45 செ.மீ. நீரழுத்தத்தில் ஊதவிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. மூச்சு வெளியேறும்போதும் சிறிது அழுத்தத்தை மிச்சம் வைத்தபோது அந்தச் சேதம் வெகுவாகக் குறைந்தது. 1987இல் கோலோபோ ஆடுகளிடமும் அதிக அழுத்தத்தின் கேட்டைக் காட்டினார். 1997இல் நாய்களிடம் நடந்த ஆய்வு, அப்படி மிகையாக ஊதினால் நுரையீரலில் இருக்கும் கிருமி ரத்தத்துக்குள்ளும் பரவும் என்று காட்டியது. இந்த எச்சரிக்கைகள் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் 861 நோயாளிகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வுக்கு வழிவிட்டன. ஒவ்வொரு மூச்சிலும் செலுத்தும் காற்றைப் பாதியாகக் குறைத்ததில் இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாக இறங்கியது. நூற்றில் ஒன்பது உயிர்கள். கொரோனா காலத்தில் நம் ஊர் ஐ.சி.யூ.க்களில் பின்பற்றப்பட்டதும் இந்த விதியைத்தான். எலியிலிருந்து மனிதருக்கு வர 26 ஆண்டுகள் ஆயின.

இந்த உயிர்களுக்கு நாம் பட்ட கடனையும் சொல்லியாக வேண்டும். 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேயர்கள் மூன்று நெறிகளை வகுத்தார்கள்: விலங்குக்கு மாற்று இருந்தால் அதைப் பயன்படுத்து, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. அடுத்த ஆண்டே, 1960இல், இந்தியாவில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. சோதனைக்கூட விலங்குகளுக்கென்று அதில் ஒரு தனி அத்தியாயமே உண்டு. அந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் யார் தெரியுமா? மாநிலங்களவையில் முதலில் தனிநபர் மசோதா கொண்டுவந்த, கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். நடனத்துக்காக மட்டும் அவரை நினைப்பவர்கள் இதையும் நினைவில் வைக்கலாம்.

மாணவர்களாக இருந்து இன்று பெற்றோர்களாகிவிட்ட நண்பர்களுக்கு ஒன்று. "விலங்குகளில் வெற்றி" என்று செய்தி கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த விலங்கு, எத்தனை? எத்தனை நாள் பார்த்தார்கள்? அதன்பின் மனிதர்களிடம் சோதித்தபோது, நோய் மட்டும் குறைந்ததா, உயிரும் பிழைத்ததா? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாத செய்தியை ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

இன்னொன்று. உறவினர் யாராவது வென்டிலேட்டரில் இருந்தால், "கழுத்து வலிக்குமே" என்று பாசத்தில் கட்டிலை இறக்கவோ தலையணையை மாற்றவோ வேண்டாம். செவிலியரிடம் கேளுங்கள். உள்ளே போகும்போதும் வரும்போதும் கையைக் கழுவுங்கள். எந்த நிலையில் படுக்கவைப்பது என்பது அந்த நோயாளிக்கு ஏற்ப மருத்துவர் எடுக்கும் முடிவு. அந்தப் பாகைக்குப் பின்னால் எத்தனை மனிதர்களும் எத்தனை வாயில்லா ஜீவன்களும் இருக்கிறார்கள் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

மருத்துவத் துறையில் இருக்கும் என் பழைய மாணவர்கள் தங்கள் வார்டு அனுபவத்தைப் பின்னூட்டத்தில் எழுதினால் எல்லோருக்கும் பயன்படும்.

நலமே சூழ்க.